புதிய ஸ்போர்ட்ஸ் காரின் பெயின்ட்டைப் பாதுகாக்க பி.பி.எஃப். ஒட்டுவதா, செராமிக் கோட்டிங் போடுவதா?

கோவையில் வசிப்பதாகவும், அடுத்த வாரம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை டெலிவரி எடுக்கவிருப்பதாகவும், ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங், வெளியே ஒரு கடையில் செராமிக் கோட்டிங், இன்னொரு கடையில் வண்டி முழுவதற்கும் பி.பி.எஃப். (பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம்) என்று ஆளுக்கொன்றாகச் சொல்வதால் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். கார் என் தொழில் அன்று. 2018-இல் சிவப்பு நிற மஸ்டாங் ஒன்றை வாங்கி, இந்த வேலைகளை முறைமாற்றிச் செய்து, பணத்தையும் பெயின்ட்டையும் கொஞ்சம் இழந்தவன் என்ற அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோரூம் டெஃப்லான் வேண்டாம். சில மாதங்களில் கழுவிக் கழுவிப் போய்விடும் மெழுகுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வண்டியின் முன்பகுதிக்கும் கல் படக்கூடிய வேறு சில இடங்களுக்கும் பி.பி.எஃப். ஒட்டுங்கள். அதன் மேலும் மீதி வண்டியின் மேலும் நடுத்தர விலையில் ஒரு செராமிக் கோட்டிங் போடுங்கள். மிச்சப்படும் பணத்தில் வண்டி கழுவ நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம் என்பது என் கருத்து. விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லாததால் கடைக்காரர் எவரும் அதைச் சொல்ல மாட்டார்.

தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்ட், அடிப்பூச்சு முதல் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் பளபளப்பைத் தருகிற கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நாம் இத்தனை இலட்சம் கொடுத்து வாங்குகிற பளபளப்பு அரை முடிப் பருமனைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை மெஷின் வைத்து பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து சிறிது தேய்ந்து போகிறது. போனது திரும்ப வராது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் கூடுதல் சங்கடம் உண்டு. மூக்கு தாழ்ந்திருப்பதால் முன்னே போகும் லாரியின் டயர் எறிகிற கல் நேராகப் பம்பரிலும் பானட் நுனியிலும் வந்து விழும். டயர் அகலமாக இருப்பதால் நம் முன்சக்கரமே வாரியடிக்கிற கல், கதவுக்குக் கீழுள்ள பட்டையிலும் பின்சக்கர வளைவின் முன்புறத்திலும் படும்.

எனக்கு இது காரணம்பேட்டையில் புரிந்தது. சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையே திருச்சி சாலையில் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். சுற்றிலும் குவாரியும் கிரஷரும், சாலையில் எந்நேரமும் டிப்பர் லாரிகளுமாக இருக்கும். வண்டி வாங்கிய கையோடு ரூ.45,000 கொடுத்து செராமிக் கோட்டிங் போட்டிருந்தேன். "கல்லுப் பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்ண்ணா, இது ஒன்பது எச்சுங்" என்று கடைப்பையன் சொன்னதை நம்பியிருந்தேன். இரண்டாவது மாதம், தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிச் சென்ற டிப்பர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்துவதற்குள் வாணலியில் கடுகு வெடிப்பதைப் போல முன்புறத்தில் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து எண்ணினேன்: பானட்டில் ஒன்பது, பம்பரில் பதினான்கு. சிவப்பின் நடுவே அடிப்பூச்சு ராகி ராகியாக வெளிறித் தெரிந்தது.

கோட்டிங்கைக் குறை சொல்வது நியாயமாகாது. கல்லைத் தடுக்க அதை வாங்கியதுதான் என் தவறு. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். காய்ந்தபின் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் இருக்காது. ஒன்பது எச் என்பது பென்சில் முனையை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையில் பயன்படுத்துகிற அளவு; வைரம், மாணிக்கம் என்று கனிமங்களை வரிசைப்படுத்தும் கடினத்தன்மை அளவோடு அதற்குத் தொடர்பில்லை. கோட்டிங் செய்கிற வேலை வேறு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேறும் தூசும் ஒட்டாமல் எளிதில் கழுவிப் போகும், பறவை எச்சத்தின் அமிலம் உடனே பெயின்ட்டைத் தின்றுவிடாமல் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இந்த மூன்றுக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்து பி.பி.எஃப். ஒட்டலாம் என்று போனபோதுதான் முறைமாற்றிச் செய்ததன் விலை தெரிந்தது. எதையும் ஒட்டவிடாமல் செய்வதற்காகப் போட்ட கோட்டிங்கின் மேல் படலத்தின் பசையும் சரியாகப் பிடிக்காது. ஆகவே முன்பகுதியில் போட்டிருந்த கோட்டிங்கை காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையை வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. தேய்ப்பதற்கு முன் பானட்டில் கருவி வைத்து அளந்தபோது 118 மைக்ரான் காட்டியது. தேய்த்த பின் 112. ரூ.45,000-இல் பாதியோடு அந்த ஆறு மைக்ரானும் போயிற்று. எனவே படலம் முதலில், கோட்டிங் அதன் மேல் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

பி.பி.எஃப். என்பது ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளின் முனைகளை மணல் அரிக்காமல் காப்பதற்காகப் பயன்படுத்தத் தொடங்கிய பொருளின் வழிவந்தது இது. இப்போது கிடைப்பவை ஏறக்குறைய 150 முதல் 200 மைக்ரான் தடிமனில் இருக்கின்றன, அதாவது வண்டியின் மொத்தப் பெயின்ட்டைவிடத் தடிமனாக. கல் வந்து விழும்போது படலம் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. மேலே விழும் மெல்லிய கீறல்கள் சூட்டில் தாமாக மறையும். கடையில் ஹீட் கன் வைத்துக் காட்டுவார்கள், நம் ஊரில் சித்திரை வெயிலே போதும். ஆனால் அறுந்துபோன வெட்டு சேராது. விலை மிகக் குறைவாக இருந்தால் அது பி.வி.சி. படலமா என்று கேளுங்கள். பி.வி.சி. சீக்கிரம் மஞ்சளாகி விறைத்து, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கையோடு வரும். நீங்கள் கேட்க வேண்டியது டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் படலம். ரோலின் பெட்டியைத் திறக்கும்போது உடனிருந்து, அதிலுள்ள வரிசை எண்ணையும் வாரண்டி அட்டையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா என்பது உங்கள் முக்கியமான ஐயம். பானட், பம்பர், இரண்டு முன் ஃபெண்டர், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட், கதவுக்குக் கீழ்ப் பட்டை, பின்சக்கர வளைவு ஆகியவற்றுக்கு மட்டும் எனக்கு அப்போது ரூ.90,000 ஆயிற்று, அதே கடை முழு வண்டிக்கு ரூ.2,40,000 கேட்டது. கூரையிலும் டிக்கியிலும் கல் விழுவது அரிது. ஐந்தாறு ஆண்டுகளில் படலத்தை மாற்ற வேண்டி வரும்போது அந்தச் செலவும் அப்படியே திரும்ப வரும். தெருவில் நிறுத்துகிறவர்களுக்கும், சும்மா ஒரு துணி பட்டாலே கோடு தெரியும் கறுப்பு நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கும் முழுப் படலம் நியாயமே. மூடிய போர்டிகோவில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறவருக்கு முன்பகுதி போதும். எதை ஒட்டினாலும் பில்லை வைத்திருந்து, காப்பீட்டில் துணைப்பொருளாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் விபத்தில் பம்பர் மாற்றினால் பம்பர் வரும், அதன் மேலிருந்த படலம் வராது.

படலத்தின் பிராண்டைவிட ஒட்டுகிற கை முக்கியம். என் மச்சானின் வண்டியில், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு கடையில், படலத்தை வண்டியின் மேலேயே விரித்துக் கத்தியால் வெட்டினார்கள். ஓராண்டு கழித்து பக்கக் கண்ணாடி ஒன்றின் படலத்தை மாற்ற உரித்தபோது, அதனடியில் கத்தி போன தடம் அடிப்பூச்சு வரை மயிரிழையாக ஓடியிருந்தது. கணினியில் வண்டியின் வடிவத்துக்கு முன்னரே வெட்டி எடுத்து ஒட்டுகிறார்களா, விளிம்பை உள்ளே மடிக்கிறார்களா என்று கேளுங்கள். மடிக்காத விளிம்பில் தூசி சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் திறந்த ஷெட்டில் ஒட்டக் கொடுத்தால் படலத்துக்கு அடியில் மணல் துகள்கள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். கடைக்காரர் நேற்று முடித்த வண்டியைக் காட்டுவார். நீங்கள் ஓராண்டுக்கு முன் ஒட்டிய வண்டியைக் காட்டச் சொல்லி, அதன் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். சாயத் தொழிலில் இருப்பவனுக்குத் தண்ணீரின் குணம் தெரியாவிட்டால் பிழைப்பு இல்லை. உப்புத் தண்ணீரில் சாயம் ஏற்றினால் துணி திட்டுத் திட்டாக நிற்கும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறியதிலிருந்து, ஆர்.ஓ. தண்ணீரும், நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் எங்கள் சட்டைப் பைச் சங்கதி ஆகிவிட்டன. அப்படியிருந்தும் என் காரை ஒரு வருடம் வீட்டு போர் தண்ணீரில்தான் கழுவினேன். பிற்பாடு மீட்டரை வைத்துப் பார்த்தபோது 1,900 காட்டியது. வெயிலில் சுட்ட பானட்டின் மேல் அந்தத் தண்ணீரின் ஒரு துளி காய்ந்தால், சுண்ணாம்பும் மக்னீசியமும் விளிம்பில் ஒதுங்கி வெள்ளை வளையமாக நிற்கும். செராமிக் போட்ட வண்டியில் தண்ணீர் முத்தாக நிற்பதால் வளையங்கள் இன்னும் அழகாக விழும், அம்மைத் தழும்பு போல. உடனே நீர் கலந்த வெள்ளை வினிகரால் துடைத்துக் கழுவினால் போகும். வாரக்கணக்கில் விட்டால் பள்ளமாகி, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதாவது மறுபடியும் மைக்ரான் கணக்கு.

உங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், அதிலேயே கழுவலாம். இல்லையென்றால் முதலில் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, காய்வதற்குள் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு இருபது லிட்டர் ஆர்.ஓ. கேன் போதும். நான் தோட்டத்தில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்திருக்கிறேன். கழுவுவது காலை ஏழு மணிக்குள், பானட் குளிர்ந்திருக்கும்போது. பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் படலத்தின் விளிம்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

துணியைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் ஊரின் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இங்கிருந்துதான் போகிறது. எல்லா வாட்ச்மேன்களும் டிரைவர்களும் அதை வைத்துத்தான் காரைத் துடைக்கிறார்கள். பனியன் துணி மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதன் ஓவர்லாக் தையலின் பாலியஸ்டர் நூலும், மடிப்பில் சிக்கிய மணலும் கிளியர் கோட்டில் சிலந்தி வலை போலக் கோடு இழுக்கும். இரவில் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும். தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். வெட்டவெளியில் கவர் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். காற்றில் கவர் படபடத்து, உள்ளே புகுந்த மண்ணோடு சேர்த்துத் தேய்க்கும்.

ஆனால் ஓர் இடத்தில் கவர் கட்டாயம் வேண்டும் என்பதைக் காங்கேயத்தில் மாமனார் தோட்டத்துச் சாளையில் கற்றேன். களத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், வெளியே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ஆண் மயில் ஒன்று கதவில் தெரிந்த தன் நிழலை எதிராளி என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. கதவில் நான் படலம் ஒட்டியிருக்கவில்லை. மாமனார், "அது நம்ம ஊட்டு மயிலுங் மாப்பிள்ளை" என்றார், அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

டெலிவரிக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. வண்டியைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம் என்று ஷோரூமில் எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன் பெயின்ட் அளக்கும் கருவியோடு ஒருவரை அழைத்துப் போங்கள். வரும் வழியில் அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த பகுதி இருந்தால் அங்கே மட்டும் எண் 200-ஐத் தாண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டிய படலத்தைப் பின்னாளில் உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும். மற்றபடி, புது வண்டியின் பெயின்ட் காய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். தொழிற்சாலையில் 140 டிகிரி அளவு சூட்டில் சுட்டெடுத்துத்தான் அனுப்புகிறார்கள், அன்றே ஒட்டலாம்.

அன்றே என்றால் பூஜை முடிந்த பிறகு. என் வண்டிக்கு மருதமலை அடிவாரத்தில் பானட் நிறைய விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்; துடைத்தால் அபசகுனம் என்று அம்மா மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் டிரைவர் அதைப் பனியன் வேஸ்ட்டால் உலர்வாகவே துடைத்து எடுத்த அடையாளம் இன்றும் படலத்துக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் பொட்டை முன்கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள், மாலையைக் கம்பி வைத்துக் கட்டாமல் நூலில் கட்டச் சொல்லுங்கள், அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுநாள் காலை வண்டியைக் கடையில் விடுங்கள்.