தோம்யாம் இனிக்கிறதே என்று கேட்டவருக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலையிடத்துப் பக்கத்துத் தோம்யாம் கடையில் (தோம்யாம் என்பது புளிப்பும் காரமுமான தாய்லாந்து சூப்; தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கும் இங்கே அதுவே பெயர்) எல்லாமே இனிக்கிறது, பேங்காக் ருசி இல்லை என்கிறீர்கள். கடையைக் குறை சொல்ல முடியாது. இங்குள்ள தோம்யாம் கடைகள் பலவும் தென் தாய்லாந்து மலாய்க்காரர்கள் நடத்துபவை; அந்தக் கைப்பக்குவமே வேறு.

புதுக் கடை என்றால் நான் முதலில் பாட் கப்ராவ், அதாவது இலை போட்டு வதக்கிய இறைச்சி கேட்பேன். அதில் போட வேண்டிய இலை நம் துளசிதான். தட்டு வந்ததும் பெருமாள் கோயில் தீர்த்த வாசம் லேசாக வர வேண்டும். சோம்பு மணந்தால் வேறு இலை. அப்புறம், மேசையில் மீன் சாறு, சீனி, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர் நான்கும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே உரலில் சாலட்டுக்குப் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம் கேட்டால் சரி, உட்காருங்கள். காரம் மட்டும் குறைத்துக் கேளுங்கள். நான் வீரம் காட்டிய அன்று மதியம் முழுக்க வேலையே ஓடவில்லை.