பற்பசையைப் பூட்டிவைத்த வார்டு

கேள்வி: மனநல மருத்துவமனையில் நடக்கும் கதைகளில் தனிமனிதனுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான மோதல் ஏன் இவ்வளவு கூர்மையாக வருகிறது? எப்படியும் கடைசியில் தனிமனிதன் தோற்றுத்தானே போகிறான்?

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவனும் இல்லை, இலக்கியம் கற்பிப்பவனும் இல்லை. இளம் வயதில் ஒரு மனநல மருத்துவமனையின் பதிவறையில் ஒன்றரை ஆண்டு தட்டச்சு வேலை பார்த்தேன். டாக்டர்களும் நர்ஸ்களும் கிறுக்கித் தருவதைக் கேஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய ஒரு வரி இன்னும் மறக்கவில்லை: "ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்கிறார், எரிச்சலடைகிறார்." அந்த மனிதர் கேட்டது தன்னுடைய மூக்குக் கண்ணாடியை. சேர்க்கும்போது வாங்கி வைத்தவர்களுக்கு எந்த அலமாரியில் வைத்தோம் என்று நினைவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடி கிடைத்துவிட்டது. வரி அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிய நர்ஸ் மிகவும் பொறுமைசாலி.

இந்த வகைக் கதைகளை அந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். சிறைக்கதையில் கைதி கத்தினால் அடி விழும். ஆனால் அவன் கத்தியதன் பொருள் மாறாது. எதிர்த்தான், அடித்தார்கள், அவ்வளவுதான். மனநல வார்டில் எதிர்த்துப் பேசினால் அது அறிகுறி. பேசாமல் மூலையில் உட்கார்ந்தால் அதுவும் அறிகுறி. எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் தன் நோயைத் தானே உணராதவர் என்று எழுதப்படும். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955, 1956 ஆண்டுகளில் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனைக்குள் விளையாட்டுப் பிரிவு இயக்குநரின் உதவியாளர் என்ற போர்வையில் உலவினார். ஏழாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள் இருந்த இடம் அது. அங்கே கண்டதை வைத்து அவர் 1961இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சுழலும் வருகிறது: நிறுவனம் ஒருவனைச் சீண்டுகிறது, அவன் தன்னைக் காத்துக்கொள்ள எதையோ செய்கிறான், செய்ததையே பிடித்துக்கொண்டு மறுபடி அவனைச் சீண்டுகிறது. கதாசிரியனுக்கு இதைவிட இறுக்கமான களம் எங்கே கிடைக்கும்? தன் மனம் தன்னுடையதுதான் என்பதையே பாத்திரம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் எதிராளியின் அகராதியை வைத்துக்கொண்டு.

இந்தப் பேச்சில் முதலில் வருவது கென் கேசி 1962இல் எழுதிய 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவல்தான். மெக்மர்ஃபி என்ற கலகக்காரனுக்கும் தலைமை நர்ஸ் ராச்செட்டுக்கும் நடக்கும் மல்யுத்தமாகவே பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாவலின் உயிர் பற்பசையில் இருக்கிறது. வந்த மறுநாள் காலையில் மெக்மர்ஃபி பல் துலக்கப் போகிறான். பற்பசை பூட்டிக் கிடக்கிறது. குறித்த நேரத்தில்தான் திறப்பார்களாம். பற்பசையைப் போய் ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்கிறான். எல்லோரும் நினைத்த நேரத்தில் பல் துலக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்கிறான் உதவியாளன். மெக்மர்ஃபி சண்டை போடவில்லை. அதுவும் நியாயந்தான் என்பது போலக் கேட்டுக்கொண்டு, சோப்புத் தூளில் பிரஷைத் தோய்த்துத் துலக்கிக்கொள்கிறான். கேசி அந்த நாட்களில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இரவுப் பணி உதவியாளராக இருந்தவர். பற்பசைக்குப் பூட்டுப் போடும் யோசனை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்பவனுக்குத் தோன்றாது என்பது என் அபிப்பிராயம். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியவனுக்குத்தான் தோன்றும்.

அதே வார்டில் ஒரு குறிப்பேடும் உண்டு. சக நோயாளி வாய்தவறி எதையாவது சொன்னால் யார் வேண்டுமானாலும் போய் அதில் எழுதிவைக்கலாம். எழுதியவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், மறுநாள் காலையில் கூடுதலாகத் தூங்க அனுமதி. இதைப் படித்தபோது எனக்குச் சற்று வியர்த்தது. நானும் கூலிக்கு எழுதியவன்தானே.

ராச்செட் குரலை உயர்த்துவதே அபூர்வம். எல்லாம் உங்கள் நன்மைக்காகத்தான் என்பாள். குழு விவாதம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு, ஜனநாயகம் என்ற சொல்லும் அடிக்கடி வரும். இன்னொரு விஷயம் மெக்மர்ஃபிக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது: ஹார்டிங், பில்லி உட்பட அவனோடு சீட்டாடும் பலர் தாமாக வந்து சேர்ந்தவர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்றைக்கு வேண்டுமானாலும் வெளியேறலாம். சிறைப் பண்ணை வேலையிலிருந்து தப்பிக்கப் பைத்தியமாக நடித்து வந்த அவனை எப்போது விடுவது என்பதுதான் அவள் கையில் இருக்கிறது. திறந்த கதவுக்கு இந்தப் பக்கமே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவன் அவர்களிடம் பொரிந்து தள்ளுகிறான். அழுதுகொண்டே பதில் சொல்கிறான் பில்லி: எங்களுக்குத் துணிச்சல் இருந்தால் போயிருக்க மாட்டோமா என்று. அதிகாரத்தைப் பற்றி ஒரு நாவல் இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

நாவலில் எனக்கு உடன்பாடில்லாதவையும் நிறைய. கட்டுப்பாடு என்பதையே பெண் உருவமாக்கி, ஆண்களை அடக்கியாளும் தாய் என்று காட்டுவது படிக்கப் படிக்கக் கசக்கிறது. கறுப்பின உதவியாளர்கள் மனிதர்களாகவே வரையப்படவில்லை. 1975இல் வந்த திரைப்படம் இன்னொரு கெடுதலையும் செய்தது: மின்அதிர்ச்சி சிகிச்சை என்றாலே தண்டனை என்று உலகம் முழுவதும் பதிந்துவிட்டது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துச் செய்யப்படும் அந்தச் சிகிச்சை கடும் மனச்சோர்விலிருந்து பலரை மீட்டிருக்கிறது. வீட்டார் சினிமாவை நினைத்து மறுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் எடுக்கப்பட்டது ஆரிகன் மாநிலத்தின் சேலம் நகரில் உண்மையாகவே இயங்கிவந்த மனநல மருத்துவமனையில். அதன் தலைவர் டீன் புரூக்ஸ் படத்தில் டாக்டராக நடித்தும் கொடுத்தார்.

கேசிக்கு வெகுகாலம் முன்பே இந்தக் களத்தைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். பிரேசில் எழுத்தாளர் மஷாடு டி அசிஸ் 1882இல் எழுதிய ஒரு கதையில் டாக்டர் பகாமார்ட்டே ஊரில் ஐந்தில் நான்கு பங்கு ஜனங்களைப் பைத்தியம் என்று உள்ளே தள்ளுகிறார். பிறகு கணக்கு உதைக்கிறதே என்று அவர்களை விட்டுவிட்டு, கோணல் இல்லாதவர்களைப் பிடிக்கிறார். கடைசியில் தானே தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சிரித்துக்கொண்டே படித்து முடித்துவிடலாம்.

செகாவ் 1892இல் எழுதிய 'ஆறாம் எண் வார்டு' சிரிக்க விடாது. டாக்டர் ராகின் நல்லவர், சோம்பேறி. இதமான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வித்தியாசம் ஏதும் இல்லை, நிம்மதி மனிதனுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று குரோமோவ் என்ற நோயாளியிடமே தத்துவம் பேசுகிறார். ஊரில் தன்னோடு பேசத் தகுந்த ஒரே ஆள் அவன்தான் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. நோயாளியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிற டாக்டருக்கு மூளை சரியில்லை என்று மற்றவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. ஒருநாள் நயமாகப் பேசி அழைத்துப் போய் அதே வார்டில் அடைத்துவிடுகிறார்கள். காவல்காரன் நிகிதா கொண்டுவந்து கொடுக்கும் உடைகளைப் போட்டுப் பார்க்கிறார்: கால்சட்டை குட்டை, சட்டை நீளம், மேலங்கியில் புகையூட்டிய மீனின் வாடை. தத்துவம் அந்த வாடையோடு கலைந்துபோகிறது. வெளியே விடு என்று கதவைத் தட்டியதற்கு நிகிதாவின் முஷ்டி பதில் சொல்கிறது. மறுநாள் இறந்துபோகிறார். இத்தனை நாளும் அந்த முஷ்டிக்குச் சம்பளப் பட்டியலில் மேலதிகாரியாக இருந்தவர் அவர்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ராகின் தோற்றார், மெக்மர்ஃபியும் மூளை அறுவைக்குப் பின் கட்டிலில் கிடக்கும் வெறும் உடலாகிவிடுகிறான். கதாநாயகனை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நாவலைச் சொல்வது மெக்மர்ஃபி இல்லை. பிராம்டன் என்ற பூர்வகுடிக்காரன் சொல்கிறான். பல ஆண்டுகளாகக் காது கேளாதவன், வாய் பேசாதவன் என்று எல்லோரையும் நம்பவைத்து, தரையைத் துடைத்துக்கொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவன். படத்தில் கதை அவன் வழியாக வரவில்லை. கேசிக்கு அதில் பெரும் மனக்குறை. எனக்கும்தான்.

பேஸ்பால் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர அட்டவணையை மாற்றக் கோரும் வாக்கெடுப்பைப் பாருங்கள். விவாதத்தில் கலந்துகொள்ளும் இருபது பேரும் கை தூக்கிவிட்டார்கள். வார்டில் மொத்தம் நாற்பது பேர் இருக்கிறார்கள், பெரும்பான்மை வேண்டும் என்கிறாள் ராச்செட். மிச்சம் இருப்பவர்கள் சுவரோரம் சக்கர நாற்காலியில் வெறித்துக்கொண்டிருப்பவர்கள், வாக்கு என்றால் என்னவென்றே அறியாதவர்கள். மெக்மர்ஃபி ஒவ்வொருவராகக் கெஞ்சிக்கொண்டே பிராம்டனிடம் வருகிறான். பிராம்டனின் கை மேலே எழுகிறது. மெக்மர்ஃபி என் கையை ஏதோ செய்துவிட்டான், கம்பி கட்டி இழுக்கிறான் என்றுதான் முதலில் அவனுக்குத் தோன்றுகிறது. அப்புறம் அவனே திருத்திக்கொள்கிறான்: அது உண்மை இல்லை, நானேதான் தூக்கினேன் என்று.

கூட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, அந்தக் கை கணக்கில் வராது என்கிறாள் ராச்செட். வார்டின் பதிவில் அவன் அன்றைக்கும் காது கேளாதவன், வாய் பேசாதவன்தான்.