ஹேண்டிகேம் கேசட்டுகளைப் படம் மங்காமல் டிஸ்கில் ஏற்றுவது எப்படி?

ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடி போட்டு வாங்கினேன், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, வீட்டிலேயே நன்றாகச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். 2000-க்குப் பிறகு வாங்கிய கேமரா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், அதாவது மினிடிவி (MiniDV) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் வீடியோ தொழில் செய்பவன் இல்லை. ஆனால் இதே விஷயத்தில் நொந்தவன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்த எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசக் கேசட்டை, ஊரில் பெயர் பெற்ற ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். திரும்பி வந்த டிவிடியில் ஓரமெல்லாம் ரோஜாப்பூ பார்டர். அகலத் திரைக்காகப் படத்தை இழுத்துவிட்டதில் ஒல்லியான மாமாகூடப் பீப்பாய் மாதிரி நடந்தார். அதையெல்லாம்கூட மன்னிக்கலாம். அப்பாயி சமையல்காரரிடம் சாம்பாருக்குப் புளி போதவில்லை என்று சண்டை போடும் இடத்தில் அவர் குரலையே எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். எங்களிடம் அப்பாயி குரல் இருப்பதே அந்த ஒரு கேசட்டில்தான். போய்க் கேட்டால், "ஒரே இரைச்சலா இருந்துச்சு சார், அதான் பாட்டு போட்டோம்" என்றார்கள். எல்லா ஸ்டுடியோவும் இப்படி என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

நல்லவேளை கேசட் கைக்கு வந்தது. அப்புறம்தான் நானே இறங்கினேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மினிடிவி நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. அதை அப்படியே கணினிக்கு நகல் எடுத்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஸ்டுடியோக்காரர்கள் பலர் செய்வது, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரைச் செருகி அனலாக்காக மாற்றி, டிவிடி ரெக்கார்டரில் மறுபடி சுருக்குவது. ஒரே டிஸ்கில் நாலு மணி நேரத்தைத் திணித்தால் கட்டம் உடையாமல் என்ன செய்யும்?

உங்களுக்கு வேண்டியது ஃபயர்வயர் (FireWire) கேபிள், கேமராவிலிருந்து டிஜிட்டல் தரவை அப்படியே கணினிக்குக் கடத்தும் வயர். கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் சின்ன நாலு பின் துளை இருக்கும், சோனியில் ஐ.லிங்க் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே யூஎஸ்பி இருக்கிறதே என்று அதில் செருகாதீர்கள். அந்தக் காலத்து மினிடிவி கேமராக்கள் பலவற்றில் அது மெமரி கார்டுப் புகைப்படத்துக்கும் வெப்கேம் தரப் படத்துக்கும் மட்டும்தான். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று ஆன்லைனில் சல்லிசாக விற்கும் வயரும் இதற்கு வேலை செய்யாது. ஃபயர்வயர் கார்டு செருகிய பழைய டெஸ்க்டாப் போதும். மேக் வைத்திருந்தால் அப்டேட் செய்யும் முன் யோசியுங்கள், 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஆப்பிள் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. விண்டோஸில் வின்டிவி (WinDV) என்ற குட்டி இலவச மென்பொருள் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே போடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட் வீணாகி அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். எல்பி (LP) வேகத்தில், அதாவது ஒரே கேசட்டில் அதிக நேரம் பிடிக்க நாடாவை மெதுவாக ஓட்டி எடுத்த கேசட்டை முடிந்தவரை எடுத்த அதே கேமராவிலேயே ஓட்டுங்கள். வேறு கேமராவில் படம் உடையக்கூடும்.

ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி வரும். இதுதான் உங்கள் மூலப் பிரதி, அழிக்காதீர்கள். டிவிடி என்பது தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க மட்டும்.

அந்த டிவிடிக்கு, 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். டிவிடிக்காகப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவை, 8 மெகாபிட் அளவில் வையுங்கள். டிவிடியில் படத்துக்கான உச்ச வரம்பே 9.8 தான். கையில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்த படத்துக்கு ஸ்டாண்டில் வைத்து எடுத்ததைவிட அதிக பிட் தேவை. நம் வீட்டுப் படமெல்லாம் ஆட்டம்தானே. இன்னொன்று, பலரும் கோட்டைவிடும் இடம்: பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறையில் ஒரு விநாடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது ஃபீல்டுகள்; ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும். மினிடிவி நாடாவில் இருக்கும் DV வடிவத்தில் கீழ் ஃபீல்டுதான் (lower field) முதலில் வரும். மென்பொருளில் இதை மாற்றி வைத்துவிட்டால், யாராவது கையை அசைத்தாலே படம் வெட்டி வெட்டி இழுக்கும். டிவிடிக்கு டீஇன்டர்லேஸ் செய்யவும் வேண்டாம், அதாவது அரைப்படங்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். படத்தை 4:3 ஆகவே விடுங்கள், ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். அமெரிக்காவில் வாங்கிய கேமரா என்றால் அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC); அதைப் பாலுக்கு மாற்றாமல் என்டிஎஸ்சியாகவே எரியுங்கள்.

"இந்தக் காலத்தில் யாராவது டிஸ்க் போடுவார்களா, கிளவுடில் ஏற்றுங்கள்" என்று கீழே யாராவது வருவார்கள். ஏற்றுங்கள், நான் தடுக்கவில்லை. என்னிடமும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் இருக்கிறது. மாதச் சந்தா கட்ட மறந்தாலும் டிஸ்க் பீரோவில் இருக்கும், அவ்வளவுதான் என் வாதம். மூலக் கோப்பையே டிஸ்கில் வைக்க 25 ஜிபி ப்ளூ-ரே சரி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கொள்ளும். எல்டிஹெச் (LTH) என்று போட்ட வகையை விட்டுவிடுங்கள், அதில் சாதாரண டிவிடி-ஆர் போலக் கரிமச் சாயம்தான்; வெயிலும் சூடும் ஆகாது. சோனி 2025 பிப்ரவரியோடு பதிவு ப்ளூ-ரே, மினிடிவி கேசட் இரண்டின் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள். எரித்ததும் வெரிஃபை செய்யுங்கள், அதாவது டிஸ்கில் ஏறியது சரியா என்று மென்பொருளைக் கொண்டே சோதியுங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, சொந்தக்காரர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரக் கேசட் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியே இல்லை. இது தெரியாமல், "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்று பை பையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். டிஸ்க் காசைக்கூட யாரும் தரவில்லை. மச்சான் ஒருவர் என் டிஸ்க்கை ஓடவிட்டு, தொலைக்காட்சித் திரையை ஃபோனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல் பொம்மையெல்லாம் அவருக்கு. எனக்கு வந்தது, "குவாலிட்டி கொஞ்சம் கம்மியா இருக்கே தம்பி."

உங்களுடையது மினிடிவி இல்லாமல் ஹை8 (Hi8) என்ற பழைய அனலாக் கேசட் என்றால் வழி கொஞ்சம் வேறு. பழைய நாடாவையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமரா ஒன்றைத் தேட வேண்டும், அது ஹை8-ஐயும் ஃபயர்வயரில் தரும். எல்லா டிஜிட்டல்8 மாடலும் அப்படி ஓட்டாது என்பதால், வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.