180-இல் 1 என்றால் என்ன பொருள்?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் கர்ப்பம், 13-ஆவது வாரம் நடக்கிறது. என்.டி. ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீரளவு 1.6 மி.மீ., எல்லாம் சரியாக உள்ளது என்றார்கள். ஆனால், டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறை) 1:180, ‘ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் பேசுகிறார்கள். குழந்தைக்குக் குறை உறுதிதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உறுதி இல்லை, சகோதரி. உங்களைப் போலவே 1:180 என்று முடிவு வந்த 180 பெண்களை ஓரிடத்தில் அமர்த்தினால், அவர்களில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், மற்ற 179 குழந்தைகளுக்கு இருக்காது என்பதே அந்த எண்ணின் பொருள். பல ஆய்வகங்கள் 1:250 என்று ஓர் எல்லைக்கோட்டை வைத்திருப்பதால், அதைத் தாண்டியதும் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சாகிவிடுகிறது. இது மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கும் கணக்கே தவிர, நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு அன்று. இதை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த அறிக்கையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தாயின் வயது, எடை, ஸ்கேனில் அளந்த குழந்தையின் நீளம், ரத்தத்திலுள்ள பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ ஆகிய, நஞ்சுக்கொடி சுரக்கும் இரண்டு பொருட்களின் அளவு எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு போடப்படுகிறது. 58 கிலோ என்பது 85 என்று பதிவாகியிருந்தாலும் விடை மாறிவிடும். உங்கள் 1.6 மி.மீ. அளவு கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். விடுபட்டிருந்தால், அதைச் சேர்த்து மறுபடியும் கணக்கிடச் சொல்லலாம்.

அதன்பிறகும் எண் மாறவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, என்.ஐ.பி.டி. பரிசோதனை. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் இது, டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 99-ஐக் கண்டுபிடித்துவிடும். ஆயினும் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை என்பதால், இதில் ‘இருக்கிறது’ என்று வந்தாலும் ஊசிப் பரிசோதனையால் உறுதி செய்தாக வேண்டும், செலவும் அதிகம். மற்றொன்று, மருத்துவர் சொன்ன பனிக்குட நீர்ப் பரிசோதனை. 15 வாரம் முடிந்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சிறிதளவு நீரை எடுப்பார்கள். கரு கலையும் வாய்ப்பு, அனுபவமுள்ள கைகளில் 100-இல் ஒன்றுக்கும் குறைவு. விரைவுச் சோதனையின் முடிவு சில நாட்களிலும், குரோமோசோம்களின் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) முழு அறிக்கை இரண்டு மூன்று வாரங்களிலும் கிடைக்கும்.

வீட்டில் பேசுவதைக் கேட்டு மனம் நோகாதீர்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-ஆவது குரோமோசோம் பிரியாமல் போய், குழந்தைக்கு அது ஒன்று கூடுதலாகச் சேர்வதால்தான் டவுன் சிண்ட்ரோம் உண்டாகிறது. யாரை மணந்தோம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சொந்தத்தில் மணப்பதால் கூடுவது வேறு வகை மரபணு நோய்களின் வாய்ப்பு. அவற்றை டபுள் மார்க்கர் பார்ப்பதே இல்லை. குடும்பத்தில் அப்படி நோய் யாருக்கேனும் இருந்தால், மரபியல் ஆலோசகரிடம் தனியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரோடு மாமியாரையும் அழைத்துச் சென்று, இந்த விளக்கத்தை மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.