பழைய ரயில்வே ஆவணங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது நீங்கள் பார்த்த வேடிக்கையான பிழைகள் என்னென்ன?

இந்த மாதிரி ஆவணங்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். அதனால் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. நீங்களும் பழைய கால அட்டவணை ஒன்றை ஓசிஆர் மென்பொருளில் (பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றுவது) போட்டு, வெளியே வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். வெறும் ஆர்வத்தில் கேட்பவர்கள் இவ்வளவு குறிப்பாகக் கேட்பதில்லை.

முதலில் எல்லோருக்கும் வருகிற பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் சின்ன ஆர், பக்கத்தில் என், நடுவே கொஞ்சம் மை கசிந்திருந்தால் இயந்திரத்துக்கு அது எம். ஈஸ்டர்ன், வெஸ்டர்ன், சதர்ன் என்று ரயில் கம்பெனிப் பெயர்களில் பாதி இப்படித்தானே முடிகின்றன? அத்தனையும் ஈஸ்டெம், வெஸ்டெம் ஆகிவிடும். 'மாடர்ன் சிக்னல்' என்று யாராவது பெருமையாக எழுதியிருந்தால் அது 'மோடம் சிக்னல்'. 19ஆம் நூற்றாண்டிலேயே மோடம்!

கம்பெனிப் பெயருக்கு நடுவே வரும் & குறியை இயந்திரம் பெரும்பாலும் '8சி' என்று படிக்கும். லண்டன் 8சி நார்த் வெஸ்டர்ன், லங்காஷயர் 8சி யார்க்‌ஷயர், மெட்ராஸ் 8சி சதர்ன் மராட்டா என்று பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி வரிசையாக வரும்.

பின்னங்கள் இன்னும் மோசம். தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம் என்பதில் அந்த அரை, சில நேரம் சதவீதக் குறியாகும், சில நேரம் 4 ஆகும். நான் திருத்திய ஒரு பக்கத்தில் அது 4 அடி 84 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 11 அடி. அகலப் பாதைக்காகக் கடைசிவரை வாதாடிய இங்கிலாந்துப் பொறியாளர் ப்ரூனெலே 7 அடி கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதையும் 1892இல் ஒழிந்தது.

"பழைய ஆங்கில அச்சில் எஃப் மாதிரி இருக்கும் நீள எஸ் பற்றிச் சொல்லவில்லையே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஐயா, முதல் பொது நீராவி ரயில் பாதை திறந்தது 1825இல். அதற்குள் இங்கிலாந்து அச்சகங்கள் நீள எஸ்ஸை அநேகமாகக் கைவிட்டுவிட்டன. அந்த நகைச்சுவை எங்கள் பேட்டைக்கு வராது.

எனக்கு மிகவும் பிடித்த பிழை ஒரு நிலையச் சொத்துப் பட்டியலில் கிடைத்தது. பட்டியல் எழுதியவர் மேல் வரியில் இருப்பதே கீழேயும் என்பதற்கு இரட்டைக் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். இயந்திரம் அந்த இரட்டைக் கோட்டை 11 என்று படித்துவிட்டது. அதே வரியில் 'க்ளாக்' என்ற சொல்லின் சி-யும் எல்-உம் ஒட்டி டி ஆகி, 'டாக்' ஆகிவிட்டது. மேலே ஒரு பெரிய நிலையத்துக்கு ஒரு கடிகாரம், கீழே உள்ள ஹால்ட்டுக்கும் (சின்ன நிறுத்தம்) அதே என்பதுதான் அசல். எழுத்தாக வந்தபோது, கடல் வாசனையே படாத ஒரு ஹால்ட்டில் கப்பல் நிறுத்த 11 துறைகள். அதைத் திருத்தவே மனசு வரவில்லை.

நீராவி எஞ்சினின் சக்கர அமைப்பை 4-6-2 என்று எழுதுவார்கள்: முன்னால் 4, இயக்கும் சக்கரம் 6, பின்னால் 2. எழுத்தாக்கிய பட்டியலைக் கணினி அட்டவணைக்குள் ஒட்டினால், அது உடனே 2002ஆம் ஆண்டின் ஒரு தேதியாகிவிடும். இது ஓசிஆர் பிழை இல்லை, தெரியும். ஆனால் விடிய விடிய திருத்துகிறவனுக்கு எந்த மென்பொருள் செய்தது என்பதா முக்கியம்?

இனி ட்ராம் கதை. 'ட்ரெயின்' என்பதன் கடைசியில் வரும் ஐ-யும் என்-உம் ஒட்டிக்கொண்டால் ட்ராம். ஒரு கிளைப் பாதையின் விபத்து விசாரணை அறிக்கையில் இது பக்கத்துக்குப் பக்கம் நடந்திருந்தது. ஐ-யின் தலைப்புள்ளி அச்சிலேயே தேய்ந்துபோயிருந்தது, இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திருத்தாத அந்தப் பிரதி எப்படியோ வெளியே சுற்ற ஆரம்பித்துவிட்டது. ரயில் ஆர்வலர் ஒருவர் அதில் 'ட்ராம்' என்று தேடி, வந்ததையெல்லாம் தொகுத்து, அந்தப் பாதையில் மறக்கப்பட்ட ஒரு ட்ராம் சேவை இருந்தது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதிவிட்டார். பாராட்டுகள் குவிந்தன.

நான் மூலப் பக்கத்தின் படத்தை எடுத்துப் போட்டு, "சார், இது ட்ரெயின். பெரிதாக்கிப் பாருங்க" என்றேன்.

"படம் மங்கலா இருக்கு. நீங்க நினைக்கிற மாதிரி படிக்கிறீங்க. எழுத்துல தெளிவா ட்ராம்னுதான் இருக்கு" என்றார்.

அந்த 'எழுத்து' இந்தப் படத்திலிருந்துதான் பிறந்தது என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. கடைசியாக, அறிக்கையின்படி அந்த 'ட்ராம்' கார்டு வேனோடு 38 வேகன்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறதே என்றேன். "சரக்கு ட்ராம் உலகத்துல இருந்திருக்கு, படிச்சிட்டு வாங்க" என்று பதில் வந்தது. இருந்திருக்கிறதுதான். கருத்துப் பெட்டியில் யாரும் அதற்குப் படம் அனுப்ப வேண்டாம். 38 வேகனோடு இருந்ததில்லை என்பதுதான் என் கட்சி. கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது. அடியில் 'இதுகுறித்து மாற்றுக் கருத்தும் உண்டு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த மாற்றுக் கருத்து நான்தான்.

'ஏஐ-யிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் புதிய கருவிகளுக்கு எதிரி இல்லை, தினமும் பயன்படுத்துகிறேன். பழைய மென்பொருள் தடுமாறினால் குப்பையைக் கொட்டும், கண்ணில் உடனே படும். புதியவை தடுமாறும்போது பொருத்தமான ஒரு சொல்லை வைத்து வரியை மழமழவென்று முடித்துவிடுகின்றன. எங்கே தேடுவது? எண்களில் இது வயிற்றைக் கலக்கும். 3 என்பது 8 ஆனாலும் வாக்கியம் கெடாது.

படத்தையே நம்பலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர், சில ஸெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போதே எண்களை மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு உருவங்களில் ஒன்றையே இரண்டு இடத்திலும் அச்சடித்திருக்கிறது. 6 இருந்த இடத்தில் சுத்தமான 8. ஓசிஆர் அந்தப் பக்கமே வரவில்லை.

கால அட்டவணையில் மட்டும் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் தூரம் வைத்து ஒவ்வொரு ரயிலையும் கோடாக வரைந்துவிடுங்கள். 3.15க்குக் கிளம்பிய ரயில் 8.15க்குக் கிளம்பியதாகப் பதிவாகி, அடுத்த நிலையத்தை 3.22க்கு அடைந்தால், கோடு பின்னோக்கிப் பாயும். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் நிலையங்களில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவழியில் வெட்டினால், ஒன்று அன்றைக்கு நிஜமாகவே மோதியிருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் எண் தப்பு. பெரும்பாலும் எண்தான். சரக்கு, வருமானக் கணக்குகளில் அடியிலுள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து எழுத்தர்கள் கூட்டல் சரியாகப் போட்டிருப்பார்கள், பெரும்பாலும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பலபேர் சேர்ந்து சம்பளமில்லாமல் திருத்திய கோப்புகளை ஒரு குழு நிர்வாகி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகத் தன் பெயரை வாட்டர்மார்க் போட்டு, தன் சேகரிப்பு என்று வெளியிட்டார். திருத்தியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "பாதுகாப்புக்காகத்தான்" என்கிறார். போன மாதம் யாரோ அந்தக் கோப்பைத் திரும்பவும் ஓசிஆரில் போட்டிருக்கிறார்கள். இப்போது கால அட்டவணையில் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே அவர் பெயரின் முதல் பாதி ஒரு நிலையமாக உட்கார்ந்திருக்கிறது. மெயில் அங்கே நிற்பதில்லை, பாசஞ்சர் மட்டும்தான். நான் திருத்தப் போவதில்லை.