கடவூர் தேவாங்குச் சரணாலயத்துக்கு நாமே ஒரு வரைபடம் செய்வது எப்படி?

கேள்வி: அய்யலூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பசுமைப் படை மாணவர்களோடு சேர்ந்து கடவூர் தேவாங்குச் சரணாலயத்துக்கு ஒரு வரைபடம் தயாரிக்க ஆசை. எல்லை, ஒற்றையடிப் பாதைகள், குளங்கள், தேவாங்கு வாழும் இடங்கள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கைபேசியில் பார்க்கும் வரைபடங்களில் எல்லை ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. செலவில்லாமல் தரவு எங்கே கிடைக்கும், எதில் தொடங்குவது?

பதில்: நீங்கள் கேட்ட நான்கில் முதல் மூன்றுக்கும் பொதுத் தரவு கைகொடுக்கும். நான்காவதை எந்தச் செயற்கைக்கோளும் தராது. உங்கள் மாணவர்கள் நடந்துதான் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வரைபடத்தின் உயிரே அந்த நான்காவதுதான்.

முதலில் கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். விலை இல்லை, உரிமக் கட்டணம் இல்லை, பள்ளியில் இருக்கும் சாதாரணக் கணினியிலேயே ஓடும். களத்துக்கு அதன் கைபேசித் துணையான கியூஃபீல்டு போதும்.

எல்லையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது. இதன் எல்லை சட்டப்படி இருப்பது அந்த அரசாணையின் எழுத்தில்தான். இணையத்தில் உலவும் கோப்புகளில் இருப்பதெல்லாம் யாரோ அந்த எழுத்தைப் படித்தோ படிக்காமலோ வரைந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் என்ன சொல்கிறது தெரியுமா? சாலை, ஆறு, மலைமுகடு போன்ற எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களைக் கொண்டு எல்லையை விவரித்தாலே போதும் என்கிறது. ஆகவே ஒரு சரணாலயத்தின் எல்லை மலையின் முதுகாகவோ ஓர் ஓடையின் கரையாகவோ இருக்கலாம். திரையில் நேர்கோடாகத் தெரியும் எல்லையைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

அந்த மலைமுதுகை நீங்களே கண்டுபிடிக்க முடியும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் எடுத்த உயரத் தரவு, சுமார் 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றி மலைநிழல் படமாக மாற்றிப் பாருங்கள். கடவூர்ச் சமவெளியைச் சுற்றி மலைகள் வளையமாக நிற்பது ஒரே பார்வையில் துலங்கும். நீங்கள் தினமும் பார்க்கும் மலைதான், ஆனாலும் மாணவர்கள் அதை மேலிருந்து முதன்முறையாகப் பார்க்கும்போது வகுப்பே எழுந்து நின்றுவிடும். அதன்மேல் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாளை வைத்து, காப்புக்காட்டு எல்லையை ஒப்பிட்டு வரையுங்கள். புதிய பொதுப் பயன்பாட்டுத் தாள்களையே எடுங்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி மாதிரியில் அமைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரி. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் எல்லை நூறு மீட்டரையும் தாண்டி நகர்ந்துவிடும், ஒரு விவசாயியின் தோட்டம் காட்டுக்குள் போய்விடும். அப்படி நகர்ந்த வரைபடம் ஊருக்குள் என்ன சச்சரவைக் கிளப்பும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்து நிலங்களில் ஐயம் வந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்துப் புலப்படத்தை எடுத்துச் சரிபாருங்கள்.

வரைந்து முடித்ததும் பரப்பளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். 11,806 ஹெக்டேருக்கு அருகில் வந்தால் நல்லது. ஆயிரம் ஹெக்டேர் கூடவோ குறையவோ வந்தால் எங்கோ ஒரு முகட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த எல்லையையும் நான் ஏற்பதில்லை.

பரப்பு சரியாக வர, திட்டமுறை, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்கு மாற்றும் முறை, சரியாக இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. யுடிஎம் என்ற திட்டமுறை பூமியை வடக்கு தெற்கான பட்டைகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரிக்கிறது. அப்படி இரண்டு மண்டலங்கள் பிரியும் 78 பாகை தீர்க்கரேகை திண்டுக்கல் நகருக்குச் சற்றுக் கிழக்கே ஓடுகிறது. திண்டுக்கல் 43ஆம் மண்டலத்திலும் அய்யலூர் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. நீங்கள் 44 வடக்கு மண்டலத்தை, அதாவது இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே இருங்கள். புள்ளிகளை அட்டவணையிலிருந்து ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையையும் ஒய் என்ற இடத்தில் அட்சரேகையையும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அய்யலூர்ப் புள்ளிகள் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே வடதுருவக் கடலில் போய் மிதக்கும். அது பரவாயில்லை, பிழை பளிச்சென்று தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றும் பிழை வேறு: 10 பாகை 30 கலை என்பதை 10.30 என்று தட்டச்சு செய்வது. சரியான எண் 10.5. இந்த ஒரு தவறு புள்ளியை 22 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும், அங்கேயும் ஒரு மலை இருந்தால் யாருக்கும் ஐயம் வராது.

பாதைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடம் போதும். கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற இணைப்பைச் சேர்த்தால் வண்டிப்பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளும் இறங்கிவிடும். தன்னார்வலர்கள் வரைந்தவை என்பதால் சில விடுபட்டிருக்கும். சில, ஆடு மேய்ப்பவர்கள் கைவிட்டுப் பல வருடங்களாகிப் புதர் மூடிய தடங்களாக இருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ‘நேரில் பார்த்த நாள்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அதைவிட முக்கியம், ‘அனுமதி’ என்று இன்னொரு கட்டம். சரணாலயத்துக்குள் நுழைய சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகளின்படி அனுமதி வேண்டும். கைபேசியில் ஒரு கோடு தெரிவது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அனுமதி இல்லாத பாதையைப் பொது வரைபடத்தில் அச்சிடவே வேண்டாம்.

குளங்கள் எளிது. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 1984 முதல் எந்த இடத்தில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறது. கண்மாய்களுக்கு அது போதும். சுனைகளும் சின்னக் குட்டைகளும் 30 மீட்டர் கட்டத்துக்குள் அகப்படா. அவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் பெயரோடு கேட்டு எழுதுங்கள்.

இனி வாழிடம். ‘காட்டுப் பரப்பு’ என்று பெயரிட்ட வரைபட அடுக்கைப் பார்த்ததும் அதுவே தேவாங்கின் வாழிடம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதில் அடங்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 10 மீட்டர் நிலப்போர்வை வரைபடத்திலும் தோப்பும் காடும் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

இரண்டையும் பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கோபர்நிகஸ் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு படமும், மே மாதத்தில் ஒரு படமும் மேகம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்து, இரண்டுக்கும், எவ்வளவு பச்சை இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் தாவரப் பசுமைக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். உங்கள் மலையின் முட்காடு ஜனவரியில் பச்சை, மே மாதத்தில் இலை உதிர்த்துப் பழுப்பு. நீர் பாயும் தென்னையும் மாவும் மே மாதத்திலும் பச்சை குறையாமல் இருக்கும். இரண்டு படங்களின் வித்தியாசமே தோப்பையும் காட்டையும் பிரித்துக் கொடுக்கும். மாணவர்களே செய்யலாம்.

ஆனால் தேவாங்கு காட்டெல்லைக்குள் மட்டும் வாழ்வதில்லை. தோட்ட வேலிகளிலும் வரப்போர மரங்களிலும் வாழ்கிறது. கிளையிலிருந்து கிளைக்குக் கை நீட்டிப் பிடித்துப் போகும் விலங்கு அது; தாவாது. நான் ஒருமுறை ஒரு கிளுவை வேலியோரம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் கிளுவை, இடையிடையே உசிலை, அதன்மேல் கொடிகள் பின்னிக் கிடந்தன. இருநூறு அடிக்கு ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. அப்புறம் ஓரிடத்தில், முன்பு மூங்கில் படல் இருந்த வழியை டிராக்டர் போவதற்காக அகலமாக வெட்டித் திறந்திருந்தார்கள். பத்து அடி இருக்கும். எனக்கு அது சில எட்டுகள்தான். தேவாங்குக்கு அதைக் கடக்கத் தரையில் இறங்க வேண்டும். தரையில் நாயும் வண்டியும் இருக்கின்றன. அந்த வேலியின் அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை, 10 மீட்டர் கட்டம் கொண்ட செயற்கைக்கோள் படத்தில் அந்த வேலியும் இல்லை, அந்த இடைவெளியும் இல்லை.

உங்கள் மாணவர்கள் வரைய வேண்டியது இதைத்தான். கியூஃபீல்டில் ‘வேலி’ என்று ஒரு கோட்டடுக்கு. செடி வகை, உயரம், கிளைத்தொடர்ச்சி உண்டா என்று மூன்று கட்டங்கள். ‘இடைவெளி’ என்று ஒரு புள்ளியடுக்கு. அகலத்தை டேப்பால் அளந்து எழுதட்டும், கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை பிசகும். பகலில், ஊர் எல்லைக்குள், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு நடந்தாலே இந்த வேலை முடிந்துவிடும். இரவில் தேவாங்கைத் தேடி மாணவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். அது வனத்துறையின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது.

தேவாங்கு பார்த்த இடங்களை உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஐநேச்சுரலிஸ்ட், ஜிபிஐஎஃப் போன்ற பொதுத் தளங்களிலிருந்து எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எடுத்தால் முதலில் துல்லியமின்மையை மீட்டரில் சொல்லும் நெடுவரிசையைப் பாருங்கள். அச்சுறுத்தலில் உள்ள உயிரினங்களின் உண்மையான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் மறைத்து, 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். பக்கத்துக்கு 22 கிலோமீட்டர் கொண்ட சதுரம் அது. உங்கள் சரணாலயத்தைப் போல நான்கு மடங்கு. அந்தப் புள்ளியை உண்மை என்று நம்பி ஒரு கண்மாய் நடுவே தேவாங்கு வாழ்வதாக வரைந்தவர்கள் உண்டு. மறைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் இந்த விலங்கைப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் மரத்தைக் காட்டும் வரைபடம் அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். ஆகவே இரண்டு வரைபடங்கள் செய்யுங்கள். பள்ளிச் சுவரிலும் இணையத்திலும் போவதில் எல்லை, அனுமதி உள்ள பாதை, கண்மாய், வேலி, இடைவெளி மட்டும் இருக்கட்டும். யாராவது விலங்கைப் பார்த்ததாகச் சொன்ன இடங்கள் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு, வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும். அச்சிடும் தாளின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி என்ற வரியைச் சேருங்கள். உரிமத்தின் நிபந்தனை அது.

முதல் நடைக்கு, பள்ளியிலிருந்து மலையடிவாரம் வரை போகும் ஒரே ஒரு வேலியைத் தேர்ந்தெடுங்கள். அதன் இடைவெளிகளை அளந்து முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டக்காரரிடமே போங்கள். எந்த இடத்தில் மறுபடி கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளுவைக் கிளை, நட முடியும், எங்கே வண்டிக்கு வழி வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். மழைக்கு முன்பே போய்விடுங்கள், நட்ட போத்து பிடித்துக்கொள்ள ஈரம் வேண்டும்.