மாதக் கடைசி நாள் பில்கள் மட்டும் ரிப்போர்ட்டில் வராதது ஏன்?

மார்ச் பில்களை எடுக்கும் எஸ்கியூஎல் குவெரியில் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) பில்_தேதி பிட்வீன் '2024-03-01' ஆண்ட் '2024-03-31' என்று போட்டிருக்கிறீர்கள். 31-ஆம் தேதி பில்கள் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். குவெரியில் எழுத்துப்பிழை இல்லை. உங்கள் ஃபீல்டு வெறும் தேதி அல்ல, நேரமும் சேர்ந்த டேட்டைம். நேரம் சொல்லாமல் '2024-03-31' என்று கொடுத்தால் டேட்டாபேஸ் அதை 31-ஆம் தேதி 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளும். அன்று காலை 10:15-க்குப் போட்ட பில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சரியாக நள்ளிரவில் யாராவது பில் போட்டிருந்தால் அது மட்டும் வந்திருக்கும்!

இப்படி மாற்றுங்கள் (கீவேர்டுகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்):

வேர் பில்_தேதி >= '2024-03-01' ஆண்ட் பில்_தேதி < '2024-04-01'

மேல் எல்லை அடுத்த மாதத்தின் முதல் நாள். அங்கே சமக்குறி கிடையாது. பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்று யோசிக்கவும் வேண்டாம்.

சிலர் '23:59:59' ஒட்டச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் ஒட்டியவன்தான். கடைசி நொடியின் பின்னத்தில் விழும் பதிவு விட்டுப்போகும். சரி, .999 சேர்த்தால்? மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை அதை அடுத்த நாள் 00:00-க்கு ரவுண்டு செய்துவிடும்; ஏப்ரல் 1 நள்ளிரவு பில்லும் உள்ளே வந்துவிடும்.

ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுக்கும் இயர், மன்த் ஃபங்ஷனுக்குள் ஃபீல்டைப் போட்டாலும் விடை சரியாகவே வரும். ஆனால் அந்த ஃபீல்டின் சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பெரும்பாலும் வீணாகிவிடும். சில ஆயிரம் வரிகளில் தெரியாது, லட்சங்களில் உறைக்கும்.

நேரம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) சேமிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் இந்திய நேரப்படி மார்ச் 1 தொடங்குவது அங்கே பிப்ரவரி 29, 18:30. இரண்டு எல்லைகளிலும் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.